கால் அடி கூட்டத் தெரிந்த மென்பொருள்

இரண்டாயிரமாவது ஆண்டு கழிந்த புதிதில், நானும் என் நண்பனும் வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்துவந்தோம். கம்பெனிகள் என்று பன்மையில் சொன்னாலும் கையில் இருந்தது ஒன்றுதான்: ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதித் தொழிற்சாலை. கப்பலேறும் தோல்களின் அளவைச் சொல்லும் அவர்களுடைய பேக்கிங் லிஸ்ட் கம்ப்யூட்டரில் சரியாக அச்சாகி வந்தால், முதலாளியின் மற்ற இரண்டு ஃபாக்டரிகளும் எங்களுக்கு. வராவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

புரோகிராம் தயார். விவரங்களைக் கோடு போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கூட்டி அச்சடிக்க, தனியாக ஒரு ரிப்போர்ட் சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. எல்லோரும் வாங்கும் பெரிய சாஃப்ட்வேருக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி லைசென்ஸ். விலையைப் பார்த்த நண்பன், "தோஸ்த், இத வாங்கினா நம்ம ரெண்டு வண்டியையும் வித்துட்டு ஆம்பூருக்கு நடந்தே போவணும்" என்றான்.

மலிவானவை இரண்டு கிடைத்தன. முதலாவதில் பக்கம் கல்யாணப் பத்திரிகை போல வந்தது. இரண்டாவது, வெளிநாட்டில் யாரோ தனியாளாக எழுதியது. பக்கம் ரேஷன் கார்டு போல இருந்தது. ஆனால் அவர் தன் மூல நிரலையும், வேண்டியபடி நாமே திருத்திக்கொள்ளும்படி, சேர்த்தே கொடுத்தார். நண்பனுக்கு அதுதான் பிடித்தது. நான் இரண்டிலும் ஒரே பக்கத்தை அச்சடித்து, ஓரங்களை அளந்து பார்த்து, முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஸ்கேல் வெச்சு சாஃப்ட்வேர் வாங்கற ஒரே ஆளு நீதான்டா" என்றான் அவன்.

ஆம்பூரில் மேனேஜர் தாளைக் கையில் வாங்கினார். முதல் மூன்று தோல்களின் கூட்டுத்தொகையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னா சார், கப்பல் ஏர்றதுக்குள்ளயே தோலு சுருங்கிப்போச்சா?"

தோலின் பரப்பைச் சதுர அடியில் அளந்து அதன் முதுகில் எழுதுவார்கள். பன்னிரண்டே முக்கால் என்றால், பன்னிரண்டு எழுதி மேலே சின்னதாக மூன்று. அதாவது மூன்று கால். இதுவரை லிஸ்ட்டுகளை மெஷினில் அடித்துவந்த டைப்பிஸ்ட் அம்மா, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது தட்டச்சுப் பழக்கத்தில் நடுவே புள்ளி வைத்து 12.3 என்று அடித்திருந்தார். அடுத்தவை 11.3, 10.2. சாஃப்ட்வேர் அவற்றைத் தசமமாக எண்ணி 33.8 என்றது. உண்மையில் முப்பத்தைந்து அடி. நானும் கால்குலேட்டரில் சரிபார்த்தவன்தான். புள்ளியோடு தட்டினால் அதுவும் அப்படித்தானே சொல்லும்!

"மூணு மணிக்குக் கன்டெய்னர் வண்டி. அதுக்குள்ள வரலன்னா டைப்பிஸ்ட் அம்மாவயே அடிக்கச் சொல்லிடுவேன். அப்புறம் மெட்ராஸ் கம்ப்யூட்டர் ஆளுங்கள பாத்துக்கறேன். எதுக்கு பேஜாரு?" என்றார் மேனேஜர்.

ஒரு பக்கம் எங்கே முடிகிறது என்பது ரிப்போர்ட் சாஃப்ட்வேருக்குத்தான் தெரியும். ஆகவே பக்கக் கூட்டலை அதுதான் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குச் சாதாரணக் கூட்டலைத் தவிர வேறு தெரியாது, சொல்லிக்கொடுக்கவும் வழியில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். நண்பன் உட்கார்ந்து, கூடவே கொண்டுவந்திருந்த ரேஷன் கார்டின் மூல நிரலைத் திறந்து, கூட்டும் இடத்தைத் தேடினான். நான்கு கால் சேர்ந்தால் ஓர் அடி என்று அதற்குள் எழுதினான்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்தி முடித்தது. மேனேஜர் தோல் அளந்தவர்களின் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்து, பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார்.

"டேலி ஆவுது. பாக்கத்தான் சுமாரா கீது."

"அழகாவும் ஒண்ணு இருக்குது சார்" என்றான் நண்பன். "தோலு மட்டும் கொஞ்சம் கம்மியாயிடும்."

"யப்பா, வேணாம்! மத்த ரெண்டு எடத்துலயும் இதையே போடுங்க."

டைப்பிஸ்ட் அம்மா மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டே, "அப்ப இனிமே ஷிப்மென்ட்டுன்னாலும் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போலாமா சார்?" என்றார்.

"போம்மா, போ. எனக்கும் சேத்து வேண்டிக்க" என்றார் மேனேஜர், கையெழுத்துப் போட்டபடியே.