அப்பாவுக்குப் பவர் வந்த சனிக்கிழமை

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற மற்றவர்கள் பட்டாசும் உடுப்பும் கொண்டுவருவார்கள். மாமா பென் டிரைவில் படம் கொண்டுவருவார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் அவர் கொண்டுவந்தது, தமிழில் பேசவைத்த ஒரு வெள்ளைக்காரப் படம். அதைக் கொழும்புத் தியேட்டரில் ஏற்கெனவே பல தடவை பார்த்து விசிலடித்து முடித்திருந்தார். அந்த நாயகனின் உருவம் நெஞ்சில் போட்ட டீசேர்ட்டோடுதான் கொட்டகலையில் ரயிலை விட்டு இறங்கினார். திரும்பிப் போகும்வரை அதைக் கழற்றியதாக எனக்கு ஞாபகமில்லை.

படத்தின் நாயகன் மருந்துக் கம்பனி ஒன்றில் பீப்பாய் தூக்கும் கூலிக்காரன். ஒரு நாள் பீப்பாய் வெடித்து, உள்ளே இருந்த நீல மருந்து முழுவதும் அவன்மேல் கொட்டிவிடும். அவனுக்கு நகம் கறுக்கும், தோல் உரியும், சோறு இறங்காது. இருமிக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். செத்துவிட்டான் என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில் எழுந்து வந்து, கம்பனி லொறியை ஒற்றைக் கையால் தூக்கி, கம்பனிமேலேயே வீசுவான். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அடிதடிதான். பாலம் உடையும், ஹெலிகொப்டர் எரியும், கட்டடம் கட்டடமாகச் சரியும்.

வரிசையாக வீடுகள் ஒட்டி நின்ற எங்கள் லயத்துப் பையன்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக் காம்பராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து அதைப் பார்த்தோம். ஹெலிகொப்டர் எரிந்தபோது கத்தினோம்தான். ஆனால் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது அந்த லொறி தூக்கும் இடத்தைத்தான். மாமா அங்கே படத்தை நிறுத்திவைத்து, டிவிக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்வார்.

“டேய், பவரு சும்மா வராதுடா. மொதல்ல ஒடம்பப் போட்டு ஒடைக்கும். அதத் தாங்குறவனுக்குத்தான் வரும்.”

வேலை முடிந்து வந்த அப்பா ஒரு நாள் வாசலில் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். பீப்பாய் வெடித்ததும் கேட்டார்: “இதுக்குக் கம்பனி அவனுக்கு என்னா குடுத்துச்சு?”

“மச்சான், அவனுக்குப் பவரே கெடைச்சிருச்சே! அப்புறம் கம்பனி எதுக்குக் குடுக்கணும்?” என்றார் மாமா.

“அதுவுஞ் சரிதான்” என்று சொல்லிவிட்டு அப்பா கைகழுவப் போனார்.

அப்பா தோட்டத்தில் களைக்கு மருந்தடிப்பவர். முதுகில் டாங்கியைச் சுமந்து, ஒரு கையால் பம்ப் அடித்து, மறு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்குவார். கையுறையும் முகமூடியும் ஸ்டோரில் இருப்பதாகச் சொல்வார்கள். யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. மருந்துக் கேனில் ஒட்டியிருந்த தாளில் எப்படி அடிக்க வேண்டும் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. அப்பாவுக்கு மூன்று பாஷையும் ஒன்றுதான். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் என் கண் எழுத்துக்குப் போகவில்லை. அதற்கு மேலே இருந்த மண்டையோட்டுப் படம் சட்டையில் குத்திக்கொள்ள எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா கொழும்புக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கையைத் தற்செயலாகப் பார்த்தேன். நகங்கள் மஞ்சளாகிக் கறுத்து, ஒன்றிரண்டு சதையிலிருந்து கழன்று நின்றன. விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. பாதிச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு இருமிக்கொண்டே போய்ப் படுத்தார். படத்தில் வந்த வரிசையில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

மறுநாளே பையன்களைக் கூட்டிவந்தேன். பக்கத்துக் காம்பராப் பையன்தான் கேட்டான்: “பெரியப்பா, நகத்தக் கொஞ்சம் காட்டுங்க.”

அப்பா காட்டினார். ஒவ்வொருவனாகத் தொட்டுப் பார்த்தான். “வலிக்குதா பெரியப்பா?”

“இல்லடா.”

“வலிக்காதாம்டா! ஏறுது, ஏறுது!” என்று அவன் குதித்தான். அப்பா சிரித்தார். அவர் சிரித்ததையே நாங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “இந்த மருந்து வேல வேணாங்க. கண்டாக்கையாகிட்டக் கேட்டு நாத்துமேடைக்கு மாறிக்கிருங்க. நெழல்ல ஒக்காந்து நாத்துப் பைக்கு மண்ணு ரொப்புற வேலதானே” என்று தினமும் அரற்றுவார். மலையில் வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் கண்டாக்கையா. அவர் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைப் போய்க் கேட்கத்தான் அப்பா தயங்கினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். பள்ளிக்கூடம் இல்லாததால் நாங்களும் பின்னாலேயே போனோம்.

விடிந்ததிலிருந்து மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் லொறியின் பின்சக்கரம் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டிருந்தது. கண்டாக்கையா குடையோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அருகில் போனார்.

“ஐயா, ஒடம்புக்கு முடியலைங்க. நாத்துமேடையில ஒரு எடம் இருந்தா…”

“இருப்பா, இருப்பா. மொதல்ல லொறி போகட்டும். அப்புறம் பேசுவோம்.”

‘முடியாது’ என்று அவர் சொல்லவில்லை. அப்பா ஓரமாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஆட்கள் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். சக்கரம் சேற்றை வாரி அவர்கள் முகத்தில் அடித்ததே தவிர வண்டி அசையவில்லை.

லொறியும் இருந்தது, அப்பாவும் இருந்தார். இதைவிட வேறென்ன வேண்டும்? நான் கத்தினேன்: “எங்கப்பா தூக்குவாரு! எங்கப்பாவுக்குப் பவர் வந்திருச்சு!”

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். ஆட்களை மேய்க்கும் கங்காணியும் விடவில்லை. “என்னாப்பா, ஒம் மகன் இப்புடிச் சொல்றான், நீ என்னாடான்னா குந்திக்கிட்டு இருக்க? பவரு புள்ளைக்கு மட்டுந்தான் தெரியுமா?”

பையன்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் கானுக்குள்ளேயே இறங்கி, முதுகை வண்டிக்குக் கொடுத்தார். டிரைவர் மறுபடி முடுக்கினார். மற்றவர்களும் தள்ளினார்கள்தான். என் கண்ணுக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை. லொறி ஒரு குலுக்குக் குலுங்கி ரோட்டுக்கு ஏறியது. அங்கே எழுந்த சத்தம் படத்தில்கூடக் கேட்டதில்லை. சேற்றில் விழுந்து புரண்டு நாங்கள் ஆடினோம்.

அப்பா கானை விட்டு வெளியே வர நேரமெடுத்தது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் மறுபடியும் கண்டாக்கையாவிடம் போனார்.

“ஐயா, அந்த நாத்துமேட…”

“அட நீ ஒண்ணு! லொறியத் தூக்குற ஆளுக்கு நாத்துமேடையா? அது கெழடுகட்டைங்க செய்ற வேலப்பா. ஒன்னயப் போலப் பெலசாலி ரெண்டு பேர் இருந்தா மருந்தடிக்க எனக்கு வேற ஆளே வேணாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அத்தனை பேருக்கு முன்னால், குடை பிடித்த கண்டாக்கையாவின் வாயால் எங்கள் அப்பாவுக்குக் கிடைத்த பட்டத்தை நான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் அவர் மருந்தடித்தார். இப்போது லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறிவர அவருக்கு நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். நுவரெலியா ஆஸ்பத்திரியில் என்ன வேலை செய்தவர் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்பார். நான்தான் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் படித்தவன் நான் ஒருவன்தான்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு நான்தான் முதலில் ஓடிவந்தேன். அம்மா வாசலிலேயே காத்திருந்தார். எனக்குப் பின்னால் மெதுவாக ஏறிவந்த அப்பாவைப் பார்த்து, “கேட்டீங்களா? என்னா சொன்னாரு?” என்றார்.

அப்பா வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். லொறி தூக்கியதை, எல்லோரும் கைதட்டியதை, கண்டாக்கையாவே பெலசாலி என்று சொன்னதை, நாற்றுமேடை கிழடுகட்டைகளுக்குத்தான் என்றதை, ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினேன்.

அம்மா என்னை அடித்தார். கன்னத்தில், முதுகில், கைபட்ட இடத்திலெல்லாம் அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். “விடு, அவன அடிக்காத” என்று அப்பா இடையில் புகுந்து என்னை இழுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு வாங்கிய சட்டையைச் சேறாக்கிக்கொண்டு வந்ததற்குத்தான் அந்த அடி என்று ரொம்பக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.