தங்கச்சிமடத்தில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்ட கதை

நாட்டில் எத்தனை பேருக்கு வலி தணிப்புச் சிகிச்சை தேவை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இறப்புக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு நோயிலும் இத்தனை பங்குப் பேருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று ஒரு விகிதத்தால் பெருக்கிவிடுகிறார்கள். அந்த விகிதம் சரிதானா என்று வீடு வீடாகக் கேட்டுவரத்தான் போன ஆடியில் என்னை அனுப்பினார்கள். இதே வேலையாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சிமடத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் பாலத்தில் காற்று ஆளையே தூக்குகிறது, ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். அன்று காற்று எச்சரிக்கை. படகு எதுவும் கடலில் இறங்கவில்லை, ஆண்கள் எல்லாரும் வீட்டில். வாசலில் நின்று கேள்வியை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும் என்பது அலுவலக உத்தரவு. “உங்கள் வீட்டில் குணமாகாத நோயாளி யாராவது இருக்கிறார்களா?” இதை எழுதிய புண்ணியவான் ஒரு வாசலிலாவது நின்றிருப்பாரா?

தெரு முழுக்க ஒரே பதில்தான். கடைசி வீட்டு ஜெபமேரியும், “யாருமில்லக்கா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்” என்றார். உள்ளே ஓர் ஆண் முனகினார். ஜெபமேரி டிவி சத்தத்தைக் கூட்டினார். நானும் செல்போனில் ‘இல்லை’யை அழுத்தி அனுப்பிவிட்டேன்.

நான் நின்றிருந்த பஸ் நிறுத்தத்துக்கு ஜெபமேரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“கோவிச்சுக்கிறாதீகக்கா. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தொண்டையில கேன்சரு. இனி ஒண்ணுஞ் செய்ய ஏலாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாக. அவுகளுக்குத் தெரியாது, அல்சருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு குணமாகாதுங்கிறீக, நான் என்னத்தச் சொல்ல? வலியில துடிக்கிறாகக்கா. அதுக்கு மட்டும் எதாச்சும் மருந்து கெடைக்குமா?”

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அனுப்பிய பதிலைத் திருத்த முடியாதாம். நோயாளி இல்லை என்று பதிவான வீட்டுக்கு நர்ஸை அனுப்பவும் முடியாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கடலில் எறிந்திருப்பேன். ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவரைக் கெஞ்சினேன். மறுநாள் காலையில் டாக்டரோடு வருவதாகச் சொன்னார். ஜெபமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பஸ் வந்தது. அவருக்குப் பின்னால் அதே தெருப் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் ஏறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் போகவிட்டு அவர்களிடம் போனேன்.

அறிக்கையில் அந்தத் தெருவுக்கு நேரே இன்னும் பூஜ்யம்தான். அதைத்தான் எங்கோ உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போனால் தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டு முடித்ததும், தயவுசெய்து, ஒரு பஸ்ஸைத் தவறவிடுங்கள்.