எண்ணெயில் தண்ணீர் வந்த வழி

திம்மராயனுக்குக் கள், சீட்டு, வம்பு என்று ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். எதைக் கண்டாலும் ‘இது எப்படி?’ என்று கேட்பான். கேட்டதோடு விடமாட்டான், கையை வைத்துப் பார்த்துவிடுவான். இளவட்டமாக இருந்தபோது தேன்கனிக்கோட்டை மாவு மில்லில் பெல்ட் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்த்து, கட்டியிருந்த வேட்டியை அதற்குத் தாரை வார்த்துவிட்டுக் கோவணத்தோடு ஊர் வந்து சேர்ந்தவன்.

அவன் அப்பனும் அப்பனுக்கு அப்பனும் நாராயணப்பக் கவுண்டர் வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். இவனும் அதே கலப்பையைத்தான் பிடித்திருப்பான். நடுவில் உலகச் சண்டை வந்தது. பட்டாளத்தில் சேர்ந்து, அசாமில் லாரி ஓட்டி, பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றுக்கொண்டு திரும்பினான். அந்தச் சமயம் பார்த்துக் கவுண்டர் பெங்களூரில் பட்டாளத்து ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் சுற்றுவட்டாரத்தில் அதை ஓட்ட ஆளில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்படித்தான் சாவி திம்மராயன் கைக்கு வந்தது.

சாவியோடு இன்னொன்றும் வந்தது. கவுண்டர் எதிரே நிற்கும்போது அவன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அது ஊர் வழக்கம். ஜீப்பில் ஏறிவிட்டால் மட்டும் அது வேண்டாம். ‘இடுப்புல கட்டினா பிரேக் போட வசதிப்படாதுங்க’ என்று முதல் நாளே ஒரு போடு போட்டான். கவுண்டருக்கு உயிர்மேல் ஆசை, ஒத்துக்கொண்டார். ஓசூர் வரைக்கும் கவுண்டருக்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு போய் வருவதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் பழைய வியாதி தலைதூக்கியது. இந்த வண்டி எவ்வளவு ஆழம் வரை போகும் என்று பார்க்கச் சின்னாற்றில் இறக்கினான். நடு ஆற்றில் அது நின்றுபோய், எருது கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் புகுந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. “இன்னொரு தரம் தண்ணியில எறக்குன, சாவிய வெச்சிட்டு ஏர் புடிக்கப் போயிடணும்” என்றார் கவுண்டர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆயுத பூஜை வந்தது. வாசலில் பெரிய வாழை இலை போட்டு அரிவாள், கடப்பாரை, ஏர்க் கொழு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக வைத்தார்கள். “உன் ஆயுதம் எங்கடா?” என்று கவுண்டர் கேட்டார். திம்மராயன் யோசித்தான். ஸ்பேனரில் ஒரு களை இல்லை. பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து அளவு பார்க்கும் கம்பியை உருவினான். அந்த வாய்க்கு மூடியும் கம்பியும் ஒன்றுதான். துடைத்து எடுத்தபோது மூடி பிடியாகவும் கம்பி கத்தியாகவும் குட்டி வாள் மாதிரி பளபளத்தது. இலையில் வைத்தான். எல்லாரும் மெச்சினார்கள்.

கவுண்டருக்கு அன்றைக்கு நல்ல குஷி. ஜீப்பின் முதுகில் தட்டி, “எருதுக்கெல்லாம் வயிறு நெறஞ்சிச்சி, இந்த எருத மட்டும் பட்டினி போட்டுறாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திம்மராயனும் சாப்பிட்டு வந்து, கம்பியைப் பழையபடி செருகி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

மறுநாள் காலை கம்பியை உருவிப் பார்த்தவனுக்குப் பகீரென்றது. எண்ணெய் மோர் விட்ட கேழ்வரகுக் கூழாக இருந்தது. ஓசூர் கிளம்பிய கவுண்டரும் அதே நேரத்தில் வந்து நின்றார். அந்த நிறம் அவருக்கு மறக்குமா?

“ஆத்துல எறக்கினயா?”

“இல்லீங்க சாமி. ஊரச் சுத்தி வந்ததோட சரிங்க.”

கோபம் வந்தால் கவுண்டருக்குக் கன்னடம் வந்துவிடும். “நிஜ ஹேளு! உண்மையச் சொல்லு!” என்று கத்தினார். “நெசமாத்தானுங்க” என்றான் இவன்.

“அப்ப தண்ணி எப்படி வந்துச்சின்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லன்னா சாவிய வெச்சிட்டுப் போ.”

மடியில் கனம் இல்லாதவன்தான். இருந்தும் திம்மராயனுக்குப் பயம் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வியாதி பயத்தை முந்திக்கொண்டது. ஆமாம், எப்படித்தான் வந்தது?

முதலில் அது தண்ணீர்தானா என்று தெரிய வேண்டும். கொல்லைப்புறம் போய்க் கவுண்டரின் மனைவி சரோஜம்மாளிடம் ஒரு பழைய இரும்புக் கரண்டியைக் காய வைத்துத் தரச் சொன்னான். வழக்கப்படி அவள் அதைத் தரையில் வைத்தாள், இவன் எடுத்துக்கொண்டான். கம்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டான். சடசடவென்று வெடித்துத் தெறித்தது.

“என்னா திம்மராயா, கடுகு தாளிக்கிறயா?”

“தண்ணி இருக்குதுங்கம்மா. வெறும் எண்ணெயா இருந்தா சத்தமே வராதுங்க.”

“வண்டிதான் தெனமும் தண்ணி குடிக்குதே?”

“அது வேற வாயிங்க. இந்த வாயில தண்ணி போனா உள்ளாற இரும்பெல்லாம் தேஞ்சி வண்டியே போயிடும்.”

சரோஜம்மாள் ஜீப் நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான். விளிம்பு வரை இருந்தது. அதிலிருந்து கசிந்திருந்தால் குறைந்திருக்குமே! மழையும் இல்லை. வண்டியை அசைக்காமல் அப்படியே விட்டான். தண்ணீர் கனம், நேரம் கொடுத்தால் அடியில் வந்து தங்கும் என்பது பட்டறையில் பார்த்த பாடம்.

மறுநாள் மதியம் வண்டிக்கு அடியில் படுத்து, மண்சட்டியைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினான். முதலில் தண்ணீர்தான் ஒழுகியது. பிறகு கூழ் மாதிரி. சட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். தண்ணீரில் என்னவோ மிதந்தது. விரலால் எடுத்தான். ஒரு துளசி இலை. அதோடு கிழிந்த சாமந்தி இதழ் ஒன்று.

ஆறு சாமந்திப்பூ வைத்துக்கொண்டு வருமா? திம்மராயன் சட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். கம்பியை உருவி இலையில் வைத்தவன் தான்தான். அந்த வாய் திறந்தே கிடந்திருக்கிறது. துளசித் தீர்த்தச் சொம்பு அந்த வீட்டில் ஒரே ஒருத்தி கையில்தான் இருக்கும்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நொடிதான் நின்றது. சொன்னால் சரோஜம்மாள் நாலு பேர் எதிரில் கவுண்டர் வாயில் விழவேண்டும். சொல்லாவிட்டால் சாவி போகும். இதழை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.

சாயங்காலம் கவுண்டர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்தார். “தெரிஞ்சிச்சா?”

“தெரிஞ்சிச்சிங்க சாமி. கம்பிய எடுத்துப் பூஜைக்கு வெச்சது நானு. வாய மூடாம வுட்டது என் தப்புங்க.”

“வாய் தொறந்திருந்தா தண்ணி தானா வருமா? ஊத்துனது யாரு?”

திம்மராயன் மடியிலிருந்து சாவியை எடுத்தான். கவுண்டர் கையை நீட்டினார். சாவியை அந்தக் கையில் வைத்தான். வைத்த கை தானாகவே மேலே போய், தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றியது.

“நான்தான் ஊத்தனன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. சரோஜம்மாள் வாசற்படியில் நின்றாள். “தெனமும் காத்தால தண்ணி ஊத்தறானே, நல்ல நாளதுவுமா தீர்த்தமா ஊத்துவம்னு ஊத்தனன். வாய் தொறந்திருந்திச்சி.”

“உன்ன யாரு ஊத்தச் சொன்னது?”

“நீங்கதான். இந்த எருத பட்டினி போட்டுறாதீங்கன்னு சொல்லிட்டுத்தான சாப்புட வந்தீங்க?”

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. கவுண்டர் மீசையைத் தடவினார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“எவ்வளவு ஊத்தன?”

“அரைச் சொம்பு.”

“அரைச் சொம்புக்கே இந்தக் கூத்தா!” என்று முனகிவிட்டு, சாவியைத் திம்மராயன் பக்கம் நீட்டினார். “எண்ணெய மாத்தித் தொலைடா. அப்புறம் அந்தத் துண்ட எடுத்து மேல போடு, பிரேக் புடிக்காது.”

பழைய எண்ணெயை முழுக்க இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி எஞ்சினைச் சூடேறும் வரை ஓட விட்டான். அதிலும் கொஞ்சம் வெளுப்பு தெரிந்தது. அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினான். சொட்டு விட்டுப் பார்க்கக் கரண்டி கேட்கப் போனபோது, சரோஜம்மாள் அதைத் தரையில் வைக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். சொட்டு விழுந்தது. இரண்டு பேரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். சத்தமில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு இலையில் அரிவாள், கடப்பாரை, கொழுவுக்குப் பக்கத்தில் திம்மராயன் சாவியை வைத்தான். சரோஜம்மாள் தீர்த்தச் சொம்போடு ஜீப்பிடம் வந்து, “எந்த வாயி, காட்டு” என்றாள். அவன் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டான்.