கிளாரா வினிஃப்ரெட் யார்?

வாலரூ துறைமுகத்துத் தானியக் கிடங்கில் மெரிடி நான்கர்விஸுக்கு வேலை, வந்து நிற்கும் லாரிகளை நம்பாமல் இருப்பது. மேலே சுத்தமான பார்லியைப் பரப்பி, அடியில் களை விதையும் ஈரமுமாகக் கொண்டு வருகிற விவசாயிகள் உண்டு. நீண்ட குழாயை லாரிக்குள் நாலு இடத்தில் இறக்கி மாதிரி எடுப்பாள். "அஞ்சாவதா என் பாக்கெட்லயும் விட்டுப் பாரேன்" என்று கிழவர்கள் கேலி பேசுவார்கள். அவள் சிரிக்காமல் ஐந்தாவது இடத்திலும் குழாயை இறக்குவாள்.

பதின்மூன்று வருடங்கள் இந்த வேலை பார்த்ததில் குணமும் அப்படியே ஆகிவிட்டது. கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்ப்பாள். வயிற்றில் இருப்பது பெண் குழந்தை என்று மருத்துவர் சொன்னபோது, "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்டவள்.

குழந்தைக்குப் பழங்காலத்துப் பெயராக வைக்க வேண்டும், முதல் பெயரும் நடுப்பெயரும் நூறு வருடத்துக்கு முந்தைய வாசனையோடு இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் தொங்கியது. ஹேசல், மாபெல், ஐடா, ஃப்ளாரன்ஸ். அவள் கணவன் பிரெண்டன் எலக்ட்ரீஷியன். அந்தப் பட்டியலைத் தாண்டிப் பால் எடுப்பானே தவிர படித்ததில்லை. திரைச்சீலை நிறமோ காரோ கல்யாணத் தேதியோ, எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பான். வீட்டு நாய்க்கு அவன் வைத்த பெயர் 'நாய்'.

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவன் சொன்னான்: "கிளாரா வினிஃப்ரெட்."

மெரிடி கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னது?"

"கிளாரா வினிஃப்ரெட்னு வைக்கலாமே. பழைய பேருதான."

"யாரு அவ?"

"யாருமில்ல. சும்மா தோணுச்சு."

"உனக்கா? சும்மாவா? ரெண்டு பேரும் சேர்த்தாப்புல?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான். இதுக்கு ஏன் போலீஸ் மாதிரி பார்க்கிற?" அவன் காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. வெளியே போய், ஓட வேண்டிய அவசியமே இல்லாத புல்வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டான்.

யோசித்துச் சொல்கிற பெயரில் ஒரு தடுமாற்றம் இருக்கும், 'கிளாரா... ஏதாவது' என்று இழுக்கும். இது வெகுநாள் வாயில் உருண்ட பெயர். மெரிடிக்கு அது போதுமாயிருந்தது. அன்றே அவன் பள்ளிக்கூட ஆண்டுமலர்களை இறக்கி ஒவ்வொரு வகுப்புப் படத்துக்கும் கீழே விரல் வைத்துப் படித்தாள். கிளாரா ஒருத்தியும் இல்லை. அவன் கைபேசியையும் பார்த்தாள்; வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள். மறுநாள் அவன் சிநேகிதன் ட்ரெவ் பார்லி கொண்டுவந்தபோது குழாயை லாரியில் சொருகிவிட்டு மெல்லக் கேட்டாள்: "பிரெண்டன் என்னைப் பார்க்கிறதுக்கு முன்னாடி யாரோட சுத்தினான்?"

"ரெண்டே பேரும்மா. ஒருத்தி ஷெல்லி. இன்னொருத்தி ஷெல்லியோட தங்கச்சி. ஏன், என்ன பண்ணிட்டான்?"

"ஒண்ணுமில்ல. உன் பார்லியில ஈரம் ஜாஸ்தி."

மூன்று இரவுகள் அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. வயிற்றில் குழந்தை உதைக்கும்போதெல்லாம், எவளோ ஒருத்தியின் பெயரைச் சுமந்துகொண்டு இது பிறக்கப்போகிறது என்று நினைத்தாள். ஒருவேளை அந்த ஒருத்தி இன்னும் பக்கத்திலேயே இருக்கிறாளோ?

புதன்கிழமை மாமியார் வால்மே வீட்டில் பாஸ்டி சுடும் நாள். பிரெண்டன் மதியம் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வால்மேக்கு அறுபத்துநாலு வயது. மாவைத் தட்டி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கி மூடுகிற கை நிற்காமல் ஓடும். அம்மாவுக்குத் தெரியாமல் மகனுக்கு ஒரு பழைய காதல் இருந்திருக்காது என்பது மெரிடியின் கணக்கு. டர்னிப் நறுக்கிக்கொண்டே பேச்சைப் போட்டாள்.

"பேரு முடிவாகிடும் போலிருக்கு வால்மே. பிரெண்டனே சொன்னான். கிளாரா வினிஃப்ரெட்."

முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அந்தப் பேரை அவன் உன்கிட்ட சொன்னானா?"

"அப்ப உங்களுக்கு அவளைத் தெரியும்."

"தெரியாது," என்றாள் வால்மே. "பார்க்கவே விடல."

மெரிடி கத்தியைக் கீழே வைத்தாள். தான் தேடிவந்தது இதுவல்ல என்பது மட்டும் புரிந்தது.

வால்மே மாவுக் கையோடே நின்று சொன்னாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் அம்மா அவளை அடிலெய்டில் கல்யாணமாகாத பெண்களுக்கான ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டாள். ஊரில், பெண் சித்தி வீட்டில் தட்டச்சு படிக்கிறாள் என்று பேச்சு. நாலரை மாதம் அங்கே துணி தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பெயர் யோசித்தாள். அந்தக் காலத்துப் பெண்கள் நாகரிகமான பெயராகத் தேடுவார்கள். அவள் பழைய, கனமான பெயராகத் தேடினாள், யாரும் லேசில் தள்ளிவிட முடியாத பெயராக. பிரசவத்தின்போது, குழந்தையைப் பார்த்துவிடாதபடி அவள் முகத்துக்கு முன்னால் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகை கேட்டது. நடைவழியில் யாரோ 'பொண்ணு' என்றார்கள். அவ்வளவுதான்.

"தத்துக் குடுக்கக் கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். பேரை எங்கயும் எழுதல. பிரெண்டனோட அப்பா இறந்த வருஷம், ஒருநாள் கார்ல வர்றப்ப இவன்கிட்ட சொல்லிட்டேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னேன்."

"அவன் சொல்லல வால்மே. பேரை மட்டுந்தான் சொன்னான். நான்தான்... வேற மாதிரி நெனச்சுட்டேன்."

"என்ன, வேற பொம்பளைன்னா? அவனா? ஷெல்லிகிட்டயே கூட இவனுக்காக அவ தங்கச்சிதான் போய்ப் பேசினா." வால்மே சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அந்த நேரத்தில்தான் பிரெண்டன் உள்ளே வந்தான். இரண்டு முகங்களையும் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"உனக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்மா," என்றான்.

"சந்தோஷமா? அவ செத்துப்போனான்னு உனக்கு யாருடா சொன்னது? எங்கயோ இருக்கா. நாப்பத்தேழு வயசு. என்கிட்ட இருந்து அவளுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் தூக்கி இன்னொருத்திக்குக் குடுக்கச் சொல்றியா?"

 பிரெண்டன், தான் நல்லதென்று நினைத்தது எப்படி இத்தனை தப்பாகப் போனது என்று மெரிடியைப் பார்த்தான். மெரிடி அந்த வாரத்தில் முதல் தடவையாக அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

மார்ச் மாதம் குழந்தை பிறந்தது. ஐடா வால்மே நான்கர்விஸ். நடுப்பெயரைக் கேட்டதும் மாமியார் கண்ணைச் சுருக்கினாள். "இப்ப எங்கிட்ட என்ன வேணும் உனக்கு?" தன்னைப் போலவே சந்தேகப்படுகிறாளே என்று மெரிடிக்கு அது பிடித்திருந்தது.

தத்துக் கொடுத்த பிள்ளைகளைத் தேடுவதற்கான அரசாங்கப் படிவத்தை மெரிடிதான் வாங்கிவந்தாள். நிரப்பியபின் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தாள். வால்மே கையெழுத்துப் போட்டாள். ஆகஸ்டில், குளிர்காலம் முடிகிற சமயத்தில் பதில் வந்தது. மகளின் பெயர் ஜூடித்தாம். மேற்குக் கரையில், ஜெரால்டனில் இருக்கிறாளாம். வால்மே எழுதிய கடிதத்துக்கு, ஆறு வாரம் கழித்து ஜூடித்திடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு, இப்ப ஏன்?"

மடியில் தூங்கிய ஐடாவை ஆட்டிக்கொண்டு வால்மே அதை நீட்டினாள். "நம்பமாட்டேங்கறா."

"நானா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்," என்றாள் மெரிடி. "கேட்டிருக்காளே, கிழிச்சுப் போடலையே. குழந்தையை இங்க குடுங்க. உக்காந்து, நடந்ததை நடந்தபடியே எழுதுங்க."

வால்மே குழந்தையைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள்.