காந்தத்தில் ஒட்டிய அரிசி

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் தானாக மொண்டு குடித்தவரில்லை. உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வந்தாக வேண்டும். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு, "நீ உக்காரு, நான் எடுத்தாரேன்" என்று அடுப்படிக்குப் போய்த் தட்டில் அரிசி கொண்டுவந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? வாயைப் பிளந்துகொண்டு கலசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலசத்தோடு வந்தவருக்கு வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பேச்செல்லாம் அவ்வளவு மரியாதை. இடி விழுந்த கோயில் கலசம், இரிடியம் ஏறியிருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கோடியில் வாங்குவான், அதுவரைக்கும் சோதனைச் செலவுக்கு ஒரு பங்காளி வேண்டும் என்றார். பங்காளி என் அண்ணன். துபாயில் லாரி ஓட்டி, கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டைக் கலசக்காரர் ஆட்கள் பெயருக்கு எழுதிக்கொடுப்பதாக ஏற்பாடு. "எங்க அரிசின்னா சந்தேகம் வரும், உங்க வூட்டு அரிசியே கொண்டாங்க" என்று அவர் சொன்னதில்தான் அண்ணன் கவிழ்ந்தார். கலசத்தைத் தட்டருகே கொண்டுபோனதும் அரிசி விறுவிறுவென்று ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ஓட்டத்தை நான் தினமும் பார்க்கிறவள். நான் வேலை செய்யும் செராமிக் கம்பெனியில், அச்சில் ஊற்றுவதற்கு முன் களிமண் கரைசலைக் காந்தத்தின் மேல் ஓடவிடுவோம். துளி இரும்புத்தூள் தங்கினாலும், சூளையில் வெந்து வரும்போது வெள்ளைப் பொம்மையின் மூக்கில் கரும்புள்ளி இருக்கும். காந்தத்தைத் துடைப்பது என் வேலை என்பதால் திட்டும் எனக்குத்தான் விழும். இரும்புத்தூள் அப்படித்தான் ஓடும்.

ஆற்றில் விட வேண்டும் என்று சொல்லி, தட்டிலிருந்த அரிசியைக் கலசக்காரர் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டுப் பையில் கம்பெனிக் காந்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். தட்டிலிருந்து கட்டிலுக்கடியில் சிந்திக் கிடந்த ஏழெட்டு அரிசியைப் பொறுக்கும்போது பின்னால் என் வீட்டுக்காரர் குரல்.

"என்ன தேடுற?"

கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்றேன். பாவி மனுஷன், அவரும் மண்டிபோட்டு என்னோடு சேர்ந்து தேடினார். பயத்தில் உள்ளங்கை வேர்த்து அரிசி நசநசத்தது.

அவர் கடைத்தெருவுக்குப் போனபிறகு வைத்துப் பார்த்தேன். பொறுக்கிய அரிசி டக்கென்று காந்தத்தில் ஒட்டியது. எங்கள் அரிசி டின்னுக்குள் காந்தத்தை விட்டுத் துழாவினேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. கலசக்காரர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அடுப்படிக்குள் போய்வந்தது ஒரே ஒரு ஆள்.

சொன்னால் இவர் ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் அண்ணன் இரண்டு பெண் பிள்ளைகளோடு தெருவுக்கு வருவார். அண்ணனிடமே சொல்லலாமென்றால், அவர் நேரே வந்து மாப்பிள்ளையையே கேட்பார். அப்புறம் என் கதி என்ன?

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். அரிசியைக் காகிதத்தில் கொட்டிக் காந்தத்தைக் காட்டினார். ஒட்டியதும் அவர் ஆச்சரியப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"தட்ட உள்ளேருந்து எடுத்தாந்தது யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரருங்க" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இந்த மோசடியில் ஆள் பிடித்துக் கொடுக்கிறவருக்குப் பங்கு உண்டு என்றார். வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கச் சொன்னார். சொல்லிவிடுவது சுலபம். இரண்டு நாள் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டது நான். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டார், ஜுரம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் எல்லோரையும் வளைத்துவிட்டார்கள். காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு இவர் ஜீப்பில் ஏறினார். கூடப் போயிருந்த என்னைப் பார்த்து, "பயப்படாத, போயிட்டு வரேன்" என்றார்.

அண்ணன் வீடு தப்பியது. இவரும் ஜாமீனில் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் தண்ணீருக்கு இவர் என்னைக் கூப்பிடுவதில்லை, தானே எழுந்து அடுப்படிக்குப் போகிறார். சொம்பு சத்தம் கேட்கும்வரை அடுப்படிப் பக்கமே காதை வைத்திருப்பேன். குடித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்.

"நம்மள யாரு காட்டிக்குடுத்திருப்பாங்கன்னு நெனைக்கிற?"

தெரியவில்லையே என்கிறேன். நேற்றும் கேட்டார்.