ஸ்டுடியோவில் வாங்கிய மாட்டு மருந்து

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சூலூருக்குப் பக்கத்தில் கணவர் வீட்டுத் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கிக்கொண்டிருந்தோம். வெட்டிப் போட்டிருந்த தழையை, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த செவலைப் பசு வயிறு முட்டத் தின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அது தள்ளாடியது. வாயில் நுரை தள்ள, பொத்தென்று விழுந்தது. என் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, மாட்டு டாக்டர் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஓடிவந்து கழுத்து நரம்பில் ஊசி போட்டார்.

“தழையில விஷமுங்க. ரத்தத்துல ஏறுனதுக்கு ஊசி போட்டுட்டேன். வயித்துக்குள்ள கெடக்கறதுக்கு ஹைப்போ உப்பு வேணும், எங்கிட்டத் தீந்துபோச்சு. போட்டோ ஸ்டுடியோவுல படங் கழுவ வெச்சிருப்பாங்க. ஓடுங்க!”

கணவர் மொபெட்டைக் கிளப்பினார். “நீயும் ஏறு அம்மணி, உப்பைப் புடிச்சுட்டு வரோணும்” என்றார். அவரோடு வண்டியில் போவது அதுதான் முதல்முறை. பள்ளத்தில் வண்டி குதித்ததும் அவர் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டேன். தலைப்பூ காற்றில் பறந்தது. பசுவை நினைத்தால் அழுகை வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது.

எங்கள் கல்யாணத்தைப் படம் பிடித்தவர்தான் ஸ்டுடியோக்காரர். “வாங்க வாங்க! ஆல்பம் இன்னும் ரெடியாகலீங்க.”

“ஆல்பம் கெடக்கட்டுங்க, ஹைப்போ குடுங்க!”

“உங்களுக்கு எதுக்குங்க?”

“மாட்டுக்குக் குடிக்கக் குடுக்கங்க!”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“மணவறையில பல்லே காட்டலீங்களே! அப்படியே நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்.”

“மாடு சாகுதுங்க!” என்று கணவர் கத்தினார். அப்புறம்தான் ஸ்டுடியோக்காரர் இருட்டறைக்குள் ஓடி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார்.

டாக்டர் உப்பைத் தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றிப் பசுவுக்குப் புகட்டினார். எல்லோரும் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூச்சு மெல்லச் சீரானது. காது ஆடியது. பிறகு ஒரே உந்தலில் எழுந்து நின்று, பின்னால் நின்ற டாக்டரின் பேண்ட் மேல் சளசளவென்று சாணி போட்டது.

“பொழைச்சுக்கிச்சுங்க!” என்று அவர் கையைத் தூக்கிக் குதித்தார். மாமியார் அழுதுகொண்டே சிரித்து, என்னையும் பசுவின் கழுத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். என் கன்னத்தில் அதன் எச்சில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவே தோன்றவில்லை.