கறுப்பு வெல்வெட்டில் ஒரு பிறந்தநாள்

எனக்குப் பைத்தியம் பிடித்தது ஒரு சனிக்கிழமை காலை, கூரியர்காரர் எங்கள் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிவைத்துக் கையெழுத்து கேட்டபோது. உள்ளே இருந்தது ஸ்க்ரோல் சா மெஷின். பார்க்கத் தையல் மெஷின் மாதிரிதான் இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூலளவு மெல்லிய ரம்ப ப்ளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். பலகையைக் கையால் திருப்பிக்கொண்டே போனால், பென்சிலால் போட்ட கோட்டின் மேலேயே வளைந்து வளைந்து வெட்டும். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆறு மாதம் ஏங்கி வாங்கியது. அன்றைக்கே ஒரு மீன் வெட்டினேன். அம்மா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்திரிக்கா நல்லா வந்துகீதுடா" என்றார்.

சங்கராபுரத்தில் மின்சார அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தர். அப்போது எனக்கு வயது முப்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். கரண்ட் போனால் தெருவே என்னைக் கூப்பிட்டுத் திட்டுவது வழக்கம். மெஷின் வந்த பிறகு, தெருவுக்கு முன்னால் நானே எங்கள் ஆபீசுக்கு ஃபோன் போட்டுத் திட்ட ஆரம்பித்தேன். பாதி யானை ப்ளேடில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மனுஷனுக்குக் கோபம் வராதா?

ரெண்டு வருஷத்தில் நான் வெட்டாதது கிடையாது. மயில், மாடு, சிலுவை, சாவி மாட்டும் பலகை, குழந்தைகள் பிரித்துச் சேர்க்கிற புதிர்ப் படம். வெட்டினால் போதுமா, கொடுக்க வேண்டுமே! ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தேன். சர்ச்சில் எல்லோருக்கும் கொடுத்தேன். பால்காரருக்கு ரெண்டு. கொஞ்ச நாளில் எங்கள் தெருக்காரர்கள் என் கையில் பையைப் பார்த்தாலே அவசர வேலை இருப்பதுபோல உள்ளே போனார்கள். அதற்கெல்லாம் நான் அசரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஏறிவிடுவேன். வெள்ளிமலையில் ஒரு டீக்கடைக்கு மயில் கொடுத்தேன். அடுத்த மாதம் போனபோது மயிலின் தோகையில் ஆணி அடித்து ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மயில் வேலைக்குப் போகிறது! அன்றைக்கு மூன்று டீ குடித்தேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் மரச்சிற்பத்துக்குப் பேர் போனது. அங்கே உளி பிடிக்கிற பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் என் மாட்டைக் காட்டினேன். அவர் அதைப் பக்கவாட்டில் திருப்பி அதன் கனத்தைப் பார்த்தார். "இன்னா சார், மாட்ட அப்பளம் போட்டுக்கினு வந்துகீறீங்க?" என்றார். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து இன்னும் ரெண்டு அப்பளம் போட்டேன்.

அம்மாவுக்குத்தான் கவலை. "ஊர்ல அவன் அவன் குடிக்கிறான், சீட்டாடுறான். அத சொன்னாக்கூட புரிஞ்சிக்குவாங்க. பலகை அறுக்கிறான்னு சொல்லி எந்த வூட்ல போயி பொண்ணு கேக்கிறது?"

கேட்டார்கள். எங்கள் சர்ச் உபதேசியார் பார்த்துச் சொன்ன இடம், நைனார்பாளையம். பெண், பள்ளிக்கூடத்தில் டீச்சர், முப்பத்துநாலு வயது. அம்மா இல்லை, அப்பாவும், அவருடைய அக்காவும்தான் வளர்த்தார்கள். அந்த வீட்டில் அப்பா பேசுவார், அத்தை முடிவு செய்வார். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேராக என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்.

"லீவு நாள்ல இன்னா பண்ணுவீங்க?"

அம்மா என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. ப்ளேடு நம்பர், வேப்பம்பலகை, பலாப்பலகை, உப்புத்தாளில் எத்தனை வகை, எல்லாம் சொன்னேன். காபியில் ஆடை கட்டிவிட்டது. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள்: "உள்ள இருக்கிற ஓட்டைய வெட்டணும்னா ப்ளேடு எப்பிடி உள்ள போவும்?" அந்த ரெண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. முதலில் துளை போட்டு, ப்ளேடைக் கழற்றி, அதன் வழியாக நுழைத்து மறுபடி மாட்ட வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போதே முடிவு செய்துவிட்டேன். இவள்தான். இவள் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம்.

அவர்களுக்கும் சம்மதம் என்று செய்தி வந்தது. நிச்சயத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அவளுடைய பிறந்தநாள் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

உபதேசியார் கொடுத்த அவளுடைய ஃபோட்டோவைப் பெரிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தேன். அதைப் பலகையில் ஒட்டி, கூந்தல், புருவம், கண், உதட்டோரம் என்று கறுப்பாகத் தெரிய வேண்டிய இடங்களையெல்லாம் வெட்டி எடுத்தேன். பின்னால் கறுப்பு வெல்வெட் துணி வைத்து ஒட்டினால் முகம் அப்படியே எழுந்து நிற்கும். எழுந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெறும் முகமாக இருக்கிறதே என்று சுற்றிலும் பூமாலை வெட்டினேன். மேலே ஒரு சிலுவை. கீழே ஒரு பைபிள் வசனம். அது என் கைக்கு நன்றாகப் பழகிய வசனம். அதற்கு முன்பே மூன்று குடும்பங்களுக்கு வெட்டிக் கொடுத்திருந்தேன். அந்த மூன்று குடும்பங்களும் அதை எதற்காகக் கேட்டார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். யோசிக்கவில்லை. படம் எடுத்து எங்கள் ஸ்க்ரோல் சா வாட்ஸப் குழுவில் போட்டேன். நிறையப் பேர் கை கூப்பிய படம் அனுப்பினார்கள். என் வேலைப்பாட்டைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம்கூடக் காட்டாமல் துண்டில் சுற்றி, வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வழியாக நைனார்பாளையம் போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேஜை மேல் கேக். அப்போதுதான் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். "கண்ண மூடிக்கங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, துண்டை உருவி, படத்தைக் கேக்குக்குப் பின்னால், மெழுகுவத்திக்கு நேராக நிறுத்தினேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எழுந்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். கறுப்புத் துணி. மாலை. சிலுவை. வசனம். எதிரே எரிகிற மெழுகுவத்தி. என் கையாலேயே நான் அவளை அடக்கம் செய்திருந்தேன்.

"ஐயோ என் பொண்ணே!" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உயிரோட இருக்கிற புள்ளைக்கி இன்னாடா பண்ணிட்டே பாவி!" பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள். அவளுடைய அப்பா மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், "தம்பி, நீங்க கெளம்புங்க" என்றார்.

சின்னசேலம் தாண்டும்வரை எப்படி ஓட்டினேன் என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கிருந்து வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பத்து நாள் மெஷினைத் தொடவில்லை. பார்த்தாலே அவள் ஓடிய முதுகு ஞாபகம் வந்தது.

பதினோராம் நாள் உபதேசியார் வந்தார். அத்தை வேண்டாம் என்று நிற்கிறாராம். பெண் ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனாலும் ஒரு தடவை வீடு பார்க்க வருகிறார்களாம். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

"அந்த மெஷினு அவங்க கண்ல படக் கூடாது" என்றார் அம்மா. அதைக் கூடத்து மூலைக்குத் தள்ளி, மேலே போர்வை போர்த்தி, போர்வை மேல் ஒரு தலையணையும் வைத்தார். யாரோ சீக்காளி குந்தியிருப்பதுபோல இருந்தது.

வீடு பார்க்கப் பெண்ணே வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவள் வந்தாள். அப்பா, அத்தை, அவள். அத்தை அடுப்படி, குளியலறை, மாடிப்படி எல்லாம் பார்த்தார். எதற்கும் முகம் மாறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "கரண்ட் ஆபீசு. நெரந்தர வேல. எல்லாம் சரி. ஆனா அன்னிக்கி மாதிரி இன்னொரு நாளு இன்னா பண்ணுவாரோன்னு கீது" என்றார். அம்மா காபி போடப் போனார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் எழுந்து நேராக மூலைக்குப் போனாள். தலையணையை எடுத்து வைத்தாள். போர்வையை மடித்து வைத்தாள்.

"இதானா?"

தலையாட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பலகை ஒன்று கேட்டாள். பென்சில் கேட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஒரு பக்கவாட்டு முகம் வரைந்தாள். கொண்டை, நெற்றி, பெரிய மூக்கு, மூக்குத்தி.

"வேணாங்க" என்றேன் மெல்ல.

"பயப்படாதீங்க. அன்னிக்கி நான் அழுவல." அவளும் மெல்லத்தான் சொன்னாள். "சிரிப்ப அடக்க முடியல. அத்தை மாரடிச்சிக்கினு உக்காந்திருக்காங்க, எதிர நின்னு சிரிச்சா நல்லாவா இருக்கும்? படம் என் பீரோவுலதான் கீது. தெனம் பாக்கறேன். மெழுகுவத்திதான் ஏத்தறதில்ல."

நான் சுவிட்சைப் போட்டேன். அவசரத்தில் முதல் தடவை ஃபேன்தான் ஓடியது. மெஷின் ஓடியதும் அவள் "அய்ய!" என்று கத்தி, சிரித்து, பலகையைக் கெட்டியாகப் பிடித்தாள். கொண்டை சுமாராக வந்தது. நெற்றியில் ஒரு ப்ளேடு உடைந்தது. மாட்டிக் கொடுத்தேன். மரத்தூள் அவள் மூக்கில் ஏறித் தும்மினாள். நானும் தும்மினேன். அத்தை எழுந்து வந்து அவள் பின்னால் நின்றதை ரெண்டு பேருமே பார்க்கவில்லை.

"யாருடி இது?"

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "நீங்கதான்."

அத்தை குனிந்து பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூக்கு ஜாஸ்தி" என்றார் அத்தை. "கொஞ்சம் கம்மி பண்ணு."

"இருக்கிறதத்தான் வரைஞ்சிகீறேன்."

அப்போது அவளுடைய அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். "கெளம்பலாம்கா. பஸ் போயிடும்."

"டேய், உக்காருடா" என்றார் அத்தை. "என் மூக்க பாதியில வுட்டுட்டா வர சொல்ற?"

அவர் உட்கார்ந்தார். அம்மா ரெண்டாவது தடவை காபி கொண்டுவந்தார். பஸ் போயிற்று. மூக்கு முடிந்ததும் அவள் பலகையை எடுத்து, ஃபூ என்று ஊதி, அத்தையிடம் நீட்டினாள். அத்தை அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கின் மேல் விரலால் தடவினார். திரும்பி என்னைப் பார்த்து, "பின்னாடி கறுப்புத் துணி ஒட்டினீங்க, அப்பறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார். முகம் சிரிக்காவிட்டாலும் வயிறு குலுங்கியது.

அவள் தலைமுடியெல்லாம் மரத்தூளோடு கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாற்றிப் போடச் சொல்கிற டீச்சர் குரலில் சொன்னாள்:

"இங்க வெளிச்சம் கம்மி. நான் வந்தப்பறம் இத ஜன்னலாண்ட போட்டுடணும்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "அதுக்கு இன்னாத்துக்கு அப்பறம்? இப்பவே போட்டுடலாம்" என்று சொல்லி, ஒயரைப் பிடுங்காமலேயே மெஷினை இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன். அது முப்பது கிலோவாவது இருக்கும். ஒயர் இழுத்தது, நான் தள்ளாடினேன். அவளுடைய அப்பா ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கினார். காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு மறுபக்கம் கைகொடுத்துத் தூக்கினார்.

"பாத்து மாப்ள," என்றார், "கால்ல போட்டுக்கப் போறீங்க."